பம்ப் ரூம் படியில் எழுதிய குறிப்பு

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் வந்து பேசுங்கள் என்று உங்கள் பயிற்சிக் கூடத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரம் நின்று பேச என் முழங்கால் சம்மதிக்காது. எழுதித் தருகிறேன், நல்ல குரல் உள்ளவர் யாராவது வாசித்துவிடுங்கள் என்று சொன்னேன். வாசிப்பவர் நடுவில் தண்ணீர் குடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன்.

நான் சாதித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் சங்கதிகளை எல்லாம் வீட்டில் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. "அப்பல்லாம்" என்று வாயைத் திறந்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று என் மனைவி எழுந்து போய்விடுகிறாள். உங்களுக்குச் சொல்லப்போவது நான் வசமாகச் சறுக்கிய விஷயம். சறுக்கியவனைத் தூக்கி நிறுத்திய இரண்டு பெண்களைப் பற்றியும்தான். ஒருவர் என் அதிகாரி. இன்னொருவர் தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு பால்வாடி டீச்சர்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். விருதுநகரில் ஒரு மாவட்ட அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் அப்போதுதான் வந்திருந்தது. அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போர்த்தி வைத்திருந்தோம். நான் அங்கே கண்காணிப்பாளர், எல்லோருக்கும் 'பாய் சார்'. எங்கள் அத்தாவுக்கு பஜாரில் பருப்பு மண்டி. அண்ணன் தம்பிகள் எல்லோரும் மண்டியில் உட்கார, நான் ஒருவன்தான் சர்க்கார் நாற்காலியைத் தேடிப் போனவன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அந்த வருடம் அரசாங்கத்துக்குக் கை இறுக்கம். சென்னையிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் இவ்வளவு மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் வருகை குறைந்த பால்வாடிகளைப் பக்கத்து ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனையும் அதிலேயே இருந்தது. எவை எவை என்று நேரில் பார்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சொல்லப்போனால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கள்ளக் கணக்கைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதமும் எங்களுக்கு ஜீப் கிடைக்காது. பட்டாசு ஆலைகளைச் சோதனை போட சிவகாசி, எம். புதுப்பட்டி, வெம்பக்கோட்டை என்று வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். தீபாவளி முடிந்து வண்டிகள் ஓய்ந்து வந்த பிறகுதான் மற்ற பிரிவுகளுக்கு முறை. அதனால் அந்தப் பக்கத்துக் கள ஆய்வுகளை எல்லாம் கார்த்திகையில் வைத்துக்கொள்வோம். எனக்கு முன்பிருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்த வருடமும் அந்த மாதத்தில்தான் போனேன்.

தாயில்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். ஒரு தலைமுறைக்கு முன்னால் காட்டு வேலைக்குப் போன சனம்; இப்போது வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலை. பால்வாடி என்பது ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் கொட்டகை. எதிரே ஆழ்குழாய்க் கிணறும் பூட்டிய பம்ப் ரூமும். டீச்சர் பெயர் சீனியம்மாள். நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, இடுப்பில் சொருகிய முந்தானை. உள்ளே போய் எண்ணினேன். ஐந்து பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் இருபத்தெட்டு பெயர்.

பதிவேட்டைப் புரட்டினேன். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று தினமும் இருபத்தேழு, இருபத்தெட்டு. தீபாவளி முடிந்த வாரத்தில் திடீரென்று ஆறு, ஐந்து, ஏழு. எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி பிறந்தது. ஏனென்றால் அந்த வாரத்தில்தான் எங்கள் சுற்றறிக்கை எல்லா மையங்களுக்கும் போயிருந்தது: விரைவில் நேரடித் தணிக்கை நடைபெறும். ஆக, தணிக்கை வருகிறது என்று தெரிந்ததும் இந்தம்மா உண்மையை எழுத ஆரம்பித்திருக்கிறார், அதுவரை எழுதியது அத்தனையும் பொய், இல்லாத பிள்ளைகளின் பெயரில் அரிசியும் முட்டையும் எங்கேயோ போயிருக்கிறது. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்.

சீனியம்மாள் விளக்கம் சொல்லத்தான் செய்தார். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடிவிட்டன, தாய்மார் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருக்கின்றன என்றார். முப்பது வருடத்தில் இப்படி எத்தனை விளக்கம் கேட்டிருப்பேன். சும்மா கிடைக்கிற முட்டையை விட்டுவிட்டு எந்தத் தாய் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வாள் என்று மடக்கினேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பேனா திறந்தால் நம் காது மூடிக்கொள்ளும் என்பது உங்களுக்கும் போகப்போகத் தெரியும்.

அறைக்குள் புழுக்கமாக இருந்ததால் எதிரே பம்ப் ரூம் படியில் நிழல் பார்த்து உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். சீனியம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் நல்லாயிருக்கிறதே, இந்த போர்த் தண்ணீரா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இதுல தண்ணி நின்னு ஆறு வருசமாச்சு சார். மோட்டரு உள்ளதான் கெடக்கு. கரண்டு பில்லு மட்டும் மாசாமாசம் பஞ்சாயத்துக்கு வந்துருதாம். குடிக்கிற தண்ணி ஊரணிக்கு அங்கிட்டு இருந்து எடுத்தாறேன்."

ம் என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். குறிப்பை முடித்தேன். மையத்தைப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரின் மையத்தோடு இணைக்கலாம். பணியாளர் வருகையை மிகைப்படுத்தியதாகத் தெரிகிறது. திருப்திகரமான விளக்கம் இல்லை. இதே மாதிரி அந்த வட்டாரத்தில் பதினொரு மையம் கிடைத்தது. சீனியம்மாளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் போய்ச் சேர்ந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பிய அன்று என் பிரிவில் எல்லோருக்கும் நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இனி என் அதிகாரி. அவர் தஞ்சாவூர்ப் பக்கம், அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனவே மேடம் என்றே சொல்கிறேன். அதிகம் பேச மாட்டார். பைலை எடுத்தால் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்கு வாசித்துக்கொண்டு போவார். தொகையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்ப்பார். இந்த ஊர் வெயிலுக்கும் காரத்துக்கும் அவர் பழகச் சிரமப்பட்டதை நாங்கள் கேலி செய்வோம், அவருக்குக் கேட்காத தூரத்தில்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் சென்னைக்கு ஃபேக்ஸில் போக வேண்டும். மேடம் என்னைக் கூப்பிட்டார். என் பதினொரு மையத்தின் பழைய ஆய்வுக் குறிப்புகள் மேஜை முழுக்க விரிந்து கிடந்தன, ஏழெட்டு வருடத்தவை.

"பாய் சார், இந்தப் பக்கம் எல்லா ஆய்வும் ஏன் கார்த்திகையிலேயே நடந்திருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியூர்க்காரர், பாவம், தெரியாமல் கேட்கிறார் என்று ஜீப் கதையைச் சொன்னேன். அப்போதுதான் மேடம் வண்டி கிடைக்கும், எப்பவும் அப்படித்தான் என்றேன்.

"அப்ப வேலை நடக்கிற மாசத்துல இந்த மையத்த யாருமே பார்த்ததில்லை?"

மேடம் தொடர்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "எங்க ஊர்ல நடவு நாள்ல பால்வாடிக்குள்ள கால் வைக்க எடம் இருக்காது. நடவு முடிஞ்சு வந்து பார்த்தா ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. இங்க அப்படி ஒண்ணும் கிடையாதா சார்?"

தம்பிகளே, தங்கைகளே, எனக்கு முகம் சூடானது. நான் வெளியூர்க்காரன் இல்லை. தீபாவளி முடிந்த மறுவாரம் சிவகாசிப் பக்கத்துக் கடைக்காரர்கள் எங்கள் மண்டியில் பருப்பு மூட்டையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஆலை மூடியிருக்கிறது, அந்த வீடுகளில் கூலி இல்லை என்று அத்தா சொல்வார். பட்டாசு ஆலைகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் பதிவேட்டைக் கையில் எடுத்ததும் அத்தனையையும் மறந்துபோனேன். அன்றைய வருகை எவ்வளவு என்று படிவம் கேட்டது, எண்ணினேன். என்ன மாதம் என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இந்தப் பதினொன்றை எடுத்துவிட்டால் சொன்ன தொகை வராது, நாளை சாயங்காலம் பட்டியல் போக வேண்டும் என்றேன். அது மேடத்துக்குத் தெரியாதா என்ன. காலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தால் போய் ஒரு மையத்தையாவது பார்த்துவிட்டு ஜும்மாவுக்குள் திரும்பிவிடலாம், உங்களுக்குச் சரிதானே என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்பதை எனக்கு முன்னால் அவர் யோசித்திருந்தார்.

மறுநாள் ஆறரைக்கு சீனியம்மாளின் ஊருக்குள் நுழைந்தோம். ஆலைகள் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கார்த்திகையில் நான் பார்த்த தெருவா இது என்று இருந்தது. தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் வேனுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி பால்வாடி திறக்கும் நேரம் பத்து மணி. சீனியம்மாள் ஆறு மணிக்கே திறந்து வைத்திருந்தார். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார். தூங்கும் பிள்ளைகளை உள்ளே பாயில் கிடத்தினார், அழும் பிள்ளை ஒன்று அவர் இடுப்பிலேயே இருந்தது.

வாசல் ஓரத்தில் ஒரு பானைத் தண்ணீரும் சோப்புத் துண்டும் இருந்தன. எதற்கு என்று மேடம் கேட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வரும் தாய்மார் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது சீனியம்மாள் போட்ட சட்டம். உடம்பெல்லாம் வெள்ளி மாதிரி மருந்துப் பொடி ஒட்டியிருக்கும், அதோடு பிள்ளையைத் தொடவிட மாட்டேன் என்றார். அந்தத் தண்ணீரையும் ஊரணிக்கு அப்பாலிருந்துதான் சுமந்துகொண்டு வருகிறார். தினமும் எட்டுக் குடம்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. குறிப்பாணை கொடுத்த ஆள் மறுபடியும் வந்து நின்றால் யாருக்குத்தான் மாறாது. வாங்க என்று சொன்னார், அவ்வளவுதான். பிறகு விலகி நின்று வழி விட்டார்.

"எண்ணுங்க சார்."

எண்ணினேன். முப்பத்து மூன்று. நம்பாமல் திரும்ப எண்ணினேன், அதே முப்பத்து மூன்று. பதிவேட்டில் இருபத்தெட்டுதான். மிகைப்படுத்தினார் என்று யாரைப் பற்றி எழுதினேனோ அவர் ஐந்து பிள்ளைகளைக் குறைத்து எழுதியிருந்தார். அந்த ஐந்தும் வெளியூரிலிருந்து சீசனுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இந்த ஊர் ரேஷன் கார்டு இல்லாததால் பெயர் சேர்க்க முடியவில்லை. அவர்களுக்குச் சோறு எங்கிருந்து என்று மேடம் மெல்லக் கேட்டார். இருபத்தெட்டுப் பேர் சோற்றை முப்பத்து மூன்று பேருக்குப் பிரிக்கிறேன், பத்தாத நாளில் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி கொண்டுவந்து போடுகிறேன் என்றார் சீனியம்மாள். சொல்லிவிட்டு, இதுவும் தப்பா என்பது போல என்னைப் பார்த்தார்.

அப்போது பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி புத்தகப் பையோடு ஓடிவந்து, இடுப்பிலிருந்த தங்கச்சியை அவரிடம் கொடுத்துவிட்டு, அதே ஓட்டமாகப் பஸ்ஸுக்குப் போனாள். சீனியம்மாள் அவள் போன திசையைக் காட்டினார்.

"ஆறாப்பு படிக்குது சார். சென்டர அங்கிட்டுக் கொண்டு போய்ட்டீகன்னா, லோடு வண்டி போற ரோட்டத் தாண்டி விடியக்காலம் எந்தத் தாய் கொண்டுபோய் விடுவா? மூத்ததப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிருவாக. இந்தத் தெருவுல அப்படி நிக்கிறதுக்கு ஒம்போது புள்ளைக இருக்கு. பேரு வேணும்னா சொல்றேன், எளுதிக்கிடுங்க."

நான் எழுதவில்லை. கார்த்திகையில் கேட்டு, பதில் வாங்காமல் விட்ட கேள்வி ஒன்று எனக்குள் கிடந்தது. அதை இப்போது கேட்டேன், இந்தத் தடவை பேனாவை மூடி வைத்துவிட்டு. ஆலை மூடியிருந்தால் என்ன, முட்டைக்காகவாவது பிள்ளையை அனுப்ப மாட்டார்களா?

"வருசத்துல அந்த ஒரு மாசந்தான் சார் அதுகளுக்கு ஆத்தா மடி கெடைக்குது. நான் கூப்பிட மாட்டேன். முட்டைய அவுச்சு வீடு வீடாப் போய்க் குடுத்துட்டு வந்துருவேன்."

மேடம் ஜீப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். சிவகாசி தாண்டியதும் அவர், என்ன எழுதப் போறீங்க சார் என்று மட்டும் கேட்டார். விதிப்படி பார்த்தால் பெயர் சேர்க்காத பிள்ளைக்குச் சோறு போடுவது குற்றம், நேரம் மாற்றித் திறப்பதும் குற்றம். நான் நன்றாக யோசித்து, வருகை பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குக் குறையவில்லை, மையம் உரிய நேரத்தில் திறந்திருந்தது என்று எழுதுகிறேன் மேடம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்று டிரைவர் பிறகு சொன்னார்.

ஜும்மாவுக்குப் போனேன். தொழுகையில் நிற்கும்போதும் அந்தப் பானைதான் கண்ணில் நின்றது, அல்லாஹ் மன்னிப்பானாக. திரும்பி வந்தபோது மேடம் பட்டியலில் அந்தப் பதினொரு வரியையும் அடித்துவிட்டு, நாங்கள் பெரியவர் என்று சொல்லும் மாவட்டத் தலைமை அதிகாரியின் அறைக்குப் போகத் தயாராக நின்றார். வாருங்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மணி மூன்று.

பெரியவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தொகை குறைந்தால் அவர்களே இஷ்டத்துக்கு வெட்டிவிடுவார்கள், அப்போது பதினொன்று என்ன, முப்பது போகும் என்றார். மேடம் அசையவில்லை. தவறான மாதத்தில் எடுத்த கணக்கு இது, இதில் கையெழுத்துப் போட முடியாது, இரண்டு வாரத்தில் அதே தொகையை வேறு இடத்தில் காட்டுகிறேன் என்று தன் பெயரில் எழுதித் தருகிறேன் என்றார். காட்டாவிட்டால் என்று பெரியவர் கேட்டார். என் மேல் நடவடிக்கை எடுங்கள் சார் என்றார் மேடம். உண்மையில் தவறு செய்தவன் நான். என் பெயரை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை.

வேறு இடம் என்றால் எந்த இடம் என்று பெரியவர் கேட்டார். அந்த இடத்தை மேடம் இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. எட்டுக் குடம் தண்ணீர் ஊரணிக்கு அப்பாலிருந்து வருகிறதே, எதிரிலேயே போர் இருக்கிறதே, அதில்... என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"சார், வத்துன போருக்கு எல்லாம் கரண்டு கட்டணம் கட்டிக்கிட்டு இருக்கோம் சார். ஆறு வருசமா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். தண்ணீர் இல்லாத கிணறு, உள்ளே மோட்டார், அதற்கு மாதாமாதம் பில். ஒரு ஊரில் ஒன்று என்றால் நம் மாவட்டத்தில், மழை பொய்க்கும் இந்தச் சீமையில், எத்தனை இருக்கும்? இன்னொரு பக்கம், புது மோட்டார் வேண்டும் என்று பஞ்சாயத்துகள் கேட்டிருக்கும் பைல்கள் என் அலமாரியிலேயே ஒரு அடுக்கு இருந்தன. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சென்னைக்கு அவகாசம் கேட்டு ஃபேக்ஸ் அனுப்புகிறேன், இரண்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்றார்.

அந்த இரண்டு வாரமும் நாங்கள் வீட்டில் சாப்பிட்டது குறைவு. எப்படித் தேடினோம் என்பதை விட்டுவிடுகிறேன், உங்களுக்கு அதற்குத் தனி வகுப்பு உண்டு. வற்றிப்போய் வருடக்கணக்கில் பில் மட்டும் கட்டிக்கொண்டிருந்த கிணறுகள் ஊருக்கு ஊர் கிடைத்தன. மேலே ஏற்றிப் பழுது பார்த்தால் ஓடக்கூடிய மோட்டார்கள் உள்ளேயே கிடந்தன. பில் வரும், பஞ்சாயத்து கட்டும், தணிக்கையில் ரசீது சரியாக இருக்கும். ரசீது சரியாக இருந்ததால் நாங்கள் யாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இணைப்புகளைத் துண்டித்து, மோட்டார்களைத் தண்ணீர் உள்ள ஊர்களுக்கு மாற்றியதில், பதினொரு பால்வாடிகளை மூடினால் கிடைத்திருப்பதைவிட அதிகமாகவே மிச்சமானது. ஒருவருக்கும் வேலை போகவில்லை.

எனக்கு இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருப்பது இதுதான். எந்தச் செலவை வெட்ட வேண்டுமோ அதன் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த வெட்டக்கூடாத செலவை வெட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். சீனியம்மாள் சொம்புத் தண்ணீரோடு விடையையும் கையில் கொடுத்தார். தண்ணீரை மட்டும் குடித்தேன்.

திருத்திய பட்டியல் போன அன்று பெரியவர் கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினார். எல்லாம் மிச்சம், இது ஒன்று மட்டும் செலவு: அந்த ஊர் மோட்டாரை ஊரணிக்கு அப்பால் தண்ணீர் உள்ள கிணற்றில் இறக்கி, பால்வாடி வாசல் வரை குழாய் போட வேண்டும். சிக்கனப் பட்டியலில் செலவு எதற்கு அம்மா என்றார்.

"அவங்க சொன்ன இடத்துலதான் சார் இவ்வளவு மிச்சமும் கிடைச்சுது" என்றார் மேடம்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். இந்த வேலையில் நான் பார்த்த பெரிய மனிதர்கள் இவர்கள் எல்லாம். கோபப்பட்டவரும் கையெழுத்துப் போட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீனியம்மாள் மேல் போட்ட குறிப்பாணையை ரத்து செய்து அந்த வாரமே தபாலில் ஆணை போனது. நான்தான் எழுதினேன். நேரில் போக வேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் ஒரு பைல் வந்து காப்பாற்றும். கடைசியில் ஆவணியில், ஜீப் கிடைக்காத மாதத்தில், பஸ் ஏறிப் போனேன். சிவகாசியில் மாறி, தாயில்பட்டியில் இறங்கி, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. வாசலில் குழாய் இருந்தது. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் வரிசையாக நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிப் பொடி கலந்த தண்ணீர் சாக்கடையில் மினுங்கிக்கொண்டு ஓடியது.

ஆணை கிடைத்ததா என்று கேட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"வந்துச்சு சார். ரெண்டு தடவ வாசிச்சேன். நான் தப்புப் பண்ணலன்னு எளுதியிருந்துச்சு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க தப்புப் பண்ணிட்டீகன்னு அதுல எங்கனயும் இல்லையே."

"அதச் சொல்லத்தான் வந்தேம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், புழுதி படிந்த செருப்பையும் வேர்த்த சட்டையையும். பஸ்லயா வந்தீக என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

அன்று தையில் அவர் இடுப்பில் அழுதுகொண்டிருந்த பிள்ளை தட்டுத்தடுமாறி நடந்து வந்து என் வேட்டியைப் பிடித்தது. அதற்கு இப்போது இரண்டு பல். தூக்கலாம் என்று குனிந்தேன்.

"சார்." சீனியம்மாள் குழாயைக் காட்டினார். "மொதல்ல கையக் களுவிட்டு வாங்க."

நான் எந்த மருந்தையும் தொடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்கள் இடம் விட்டார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வரிசையில் நின்று, முழங்கை வரைக்கும் கழுவினேன். தண்ணீர் நன்றாக வந்தது.